நாலு மூலைக்கும் நாலு பேர்

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் அப்பா ஒரு வீட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

பழைய பிக்கப் வாகனம் ஒன்று. அதன் முதுகில் தூக்கி வைத்த வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் மேசை, இரண்டு அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி. சாரதியின் தலைக்கு மேலே பெட்டி முன்னால் நீண்டு, வாகனம் தொப்பி போட்டதுபோல் இருக்கும். அந்தத் தொப்பிக்குள்தான் கட்டில். நாலு மூலையிலும் நாலு இரும்புக் கால்கள் மேலே உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அப்பாவோடு பாண் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு நோர்வேக்காரரின் சொத்து அது. அவர் இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு படுத்துவிட்டதால், சும்மா நின்று துருப்பிடிக்கிறதைவிட நீ கொண்டு போய் ஓடு என்று கொடுத்துவிட்டாராம்.

ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் அது வந்து நின்ற மாலை, பதினொரு மாடிகளின் பல்கனிகளிலும் தலைகள் தெரிந்தன. அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கட்டிலைக் காட்டினார். பக்கத்து வாசல் பாகிஸ்தான்காரர் உள்ளே ஏறி, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். அப்பா அன்றைக்கு ஓரங்குலம் வளர்ந்திருந்தார்.

சொந்தக்காரர் ஒரு கைநூலும் கொடுத்திருந்தார். தடித்த, எண்ணெய்க் கறை படிந்த நூல். அப்பா அதைத் திறக்காமலே முன் தட்டுக்குள் வைத்து மூடினார். இருபது வருடம் வாகனம் ஓட்டுகிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்றார். அவர் நோர்வேஜிய மொழி கதைத்தால் கடைக்காரர்கள் சிரித்து மகிழ்வார்கள். எழுத்தைக் கண்டால் மட்டும் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி எப்போதும் வேறொரு சட்டைப் பையில் இருக்கும்.

திட்டம் எளிது. றோட்டு முடியும்வரை வடக்கே போவது. வழியில் துரொண்ட்ஹெய்ம் வரும். அங்கே நிற்பதில்லை.

துரொண்ட்ஹெய்மில் ஏன் நிற்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி என்பது மட்டும் தெரியும். அங்கேதான் சித்தி இருந்தார். அம்மாவின் ஒரே தங்கை. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம் எங்களோடு இருந்தவர். என் அறையில், என் கட்டிலுக்கு எதிரே. எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது அவர்தான். பிறகு படிக்கவென்று துரொண்ட்ஹெய்முக்குப் போனார். அங்கே ஒருவரைத் தானே விரும்பிக் கலியாணம் செய்தார். அந்தக் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சித்தி என்ற சொல்லே இல்லாமல் போனது.

அந்த நாட்களில் பக்கத்து ஊரான ரொம்மனிலிருந்து பெரியப்பா வந்து, காற்சட்டைப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு, "அவையள் ஆர் ஆக்களாம்?" என்று அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது. அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பதில் தெரிந்ததால் உதவி செய்யலாம் என்று நினைத்து, "மட்டக்களப்பு ஆக்கள் பெரியப்பா, இப்ப துரொண்ட்ஹெய்ம் ஆக்கள்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என்னை அறைக்குப் போகச் சொன்னார். அது சாதியைக் கேட்கிற கேள்வி என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

அதே காலத்தில்தான் அம்மாவுக்குப் பல்வலி தொடங்கியது. அவருடைய போனில் அடிக்கடி தன்லேகெ என்று வரும். நோர்வேஜிய மொழியில் பல்வைத்தியர். வந்ததும் அம்மா பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார். குளிர்காலத்திலும் அங்கேதான். அரைமணித்தியாலம் கதைத்துவிட்டு மூக்கு சிவந்து வருவார். இந்த நாட்டில் பல்வைத்தியர்கள் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள் என்று நான் வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்பா தமிழ்க் கடையிலிருந்து கராம்பு வாங்கிக்கொண்டு வந்து, வலிக்கிற பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். அம்மா கடித்தார்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். முதல் நாள் டொம்போஸில் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி, தொப்பிக்குள் மூவரும் நெருக்கியடித்துப் படுத்தோம். அம்மா இரண்டு அடுப்பில் ஒன்றில் சோறும் மற்றதில் மீன்ரின் கறியும் வைத்தார். இவ்வளவு சந்தோஷமான அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஞாயிறு காலை மலைகளின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினோம். துரொண்ட்ஹெய்ம் என்று எழுதிய பலகை வரும்போதெல்லாம் அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நூற்றி இருபது. நூற்றிப் பத்து.

ஒப்டாலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். வாகனத்தின் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியது. வெடிச் சத்தம் ஒன்றும் இல்லை. படகுபோல ஆடியது. பிறகு ஈரத் துணியை நிலத்தில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் தொடர்ந்து வந்தது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ் தரிப்பிடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். வலது பக்கப் பின் சில்லு தட்டையாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் பெட்டி முழுவதும் சாய்ந்து, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"காத்துப் போட்டுது. பத்து நிமிஷ வேலை," என்றார் அப்பா.

மேலதிகச் சில்லை வாகனத்தின் அடியிலிருந்து இறக்கவே அரைமணித்தியாலம் போனது. அப்பா நட்டுச் சாவியின் மேல் ஏறி நின்று நட்டுகளை இளக்கினார். பிறகு ஜக்கை வைத்துச் சுற்றினார். ஜக் உயர்ந்தது, வாகனம் உயரவில்லை. அந்தச் சின்ன ஜக் பிக்கப்புக்காகச் செய்தது. அதன் முதுகில் கட்டிலும் அடுப்பும் அரிசிப் பையும் எங்கள் வீடும் இருக்குமென்று அதற்குத் தெரியாது. தார் முடிகிற இடத்தில் மண் மெதுமையாக இருந்ததால், ஜக் தானே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளேயிருந்த சாமான்களை எல்லாம் இறக்கிப் புல்லில் வைத்தோம். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து ஊற்றினோம். அப்போது வாகனம் நாலு விரல் உயர்ந்தது, சில்லு மட்டும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. பெரிய லொறிகள் கடக்கும்போதெல்லாம் பெட்டி நடுங்கியது.

முதிய நோர்வேக்காரர் ஒருவர் தன் காரை நிறுத்தி இறங்கி வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, இந்த ஜக்கால் இந்தப் பாரத்தைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது என்றார். யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, ஆட்கள் வருகிறார்கள், பெரிய நன்றி என்றார். கார் போனபிறகு, ஆர் வருகிறார்கள் அப்பா என்று கேட்டேன். அவர் குனிந்து ஜக்கைப் பார்த்தார். வீதி உதவி எண்ணுக்கு அம்மா எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம், இந்தப் பாரத்துக்கு வேறு வாகனம் வரவேண்டும், மாலையாகும் என்றார்கள்.

அப்பாவுக்கு மாலைவரை காத்திருக்க மனமில்லை. தட்டைக் கல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ஜக்கின் அடியில் அதைக் கொடுக்க வாகனத்துக்குக் கீழே கையை விட்டுப் படுத்தார். தலையும் ஒரு தோளும் உள்ளே. நான் அவருடைய காலருகில் நின்றேன். ஒரு லொறி போனது. ஜக் மெல்லச் சரிந்தது. அது சரிகிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் வாகனம் இறங்கிவிட்டது. அப்பா புரண்டு வெளியே வந்தார். வலது உள்ளங்கை விரலடியிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் தலை கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே ஒரு கைநூலைக்கூட நுழைக்க முடியாது.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். இரத்தத்துக்குப் பதறமாட்டார். அப்பாவைப் புல்லில் இருத்தி, சமையல் துணியைக் கிழித்து, கையை உயர்த்திப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். அவருடைய குரல் மட்டும் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"இனி அதுக்குக் கீழை போகக் கூடாது."

"கல்லை வைச்சிட்டன், இன்னும் ஒருக்கா..."

"போகக் கூடாது எண்டு சொன்னனான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, என்ரை போனை எடு. தன்லேகெ எண்டு இருக்கும். அதை அமத்து."

அப்பாவின் கை கிழிந்திருக்க அம்மா பல்வைத்தியரைக் கூப்பிடுகிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் இரத்தம் நிற்கவேண்டும் என்றால் எந்த வைத்தியரானால் என்ன. அமத்தினேன். ஒரு தடவைதான் அடித்தது.

"அக்கா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் அறையில் எதிர்க் கட்டிலில் இருந்து இரண்டு வருடம் என்னை எழுப்பிய குரல். நான் போனைக் காதில் வைத்தபடி அம்மாவைப் பார்த்தேன். அம்மா துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"சொல்லு," என்றார். "எங்கை நிக்கிறம் எண்டு சொல்லு. ரயர் போட்டுது, பெரிய ஜக் வேணும் எண்டு சொல்லு. அப்பாக்குக் கை வெட்டிப்போட்டுது எண்டும் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பக்கம் "ஓம், ஓம்" என்றது. கடைசியில், "நீ வளந்திட்டியா?" என்று கேட்டது. ஓம் என்றேன்.

அதன்பிறகு ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். அப்பா பெட்டியின் படியில் கையை மடியில் வைத்தபடி இருந்தார். அம்மா கீழே புல்லில். நான் சாமான்களுக்கு நடுவில், அரிசிப் பையின் மேல். வெகு நேரம் கழித்து அப்பா கேட்டார்.

"எவ்வளவு காலமா?"

"அவள் கலியாணம் செய்த கிழமையிலை இருந்து."

அப்பா தலையாட்டினார். ஒரு பஸ் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனது.

"நான் கராம்பு வாங்கித் தந்தனான்," என்றார்.

"ஓம்."

"நீர் அதைக் கடிச்சனீர்."

அம்மா ஒரு புல்லைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில், "அவளுக்கு ஒரு பிள்ளையும் இருக்கு. எட்டு மாசம்," என்றார். அப்பா எழுந்து போய்த் தட்டையான சில்லின் முன் நின்றார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்று வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. முதலில் இறங்கியவர் சித்தப்பா. நான் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கோடு போட்ட சட்டையில். கறுப்பாக இருப்பார், உயரமாக இருப்பார் என்றெல்லாம் பெரியப்பா வீட்டில் கதைத்ததைக் கேட்டு வேறொருவரைக் கற்பனை செய்திருந்தேன். அவர் பார்ணஹாகெயில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் வேலை செய்தார். அவருடைய காற்சட்டை முழங்காலில் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது.

அவர் அப்பாவிடம் நேரே போகவில்லை. காரின் பின்கதவைத் திறந்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெரிய ஜக்கையும் நாலைந்து பலகைத் துண்டுகளையும் எடுத்து நிலத்தில் வைத்தார். அப்புறம்தான், "அண்ணன், கை எப்பிடி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை," என்றார் அப்பா, பலகைகளைப் பார்த்து.

சித்தி காரை விட்டு அகலவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மா நடந்து போனார். ஓடவில்லை, நடந்துதான் போனார். போய்க் குழந்தையின் காலை மட்டும் பிடித்துப் பார்த்தார். ஒரு சப்பாத்து கழன்றிருந்தது. அதைக் காருக்குள் தேடி எடுத்துப் போட்டுவிட்டார். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். இருவரும் சப்பாத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

பெரிய ஜக்கைக் கண்டதும் அப்பா உடனே தொடங்கப் பார்த்தார். சித்தப்பாவுக்கு வாகனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "எனக்கு இதொண்டும் விளங்காது அண்ணன். இந்த வாகனத்துக்குப் புத்தகம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அப்பா முன் தட்டைக் கண்ணால் காட்டினார். சித்தப்பா நூலை எடுத்துப் படியில் இருந்து, பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவர்போல், விரலை வரிகளின் மேல் வைத்து வாசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் படத்தை அப்பாவுக்குத் திருப்பிக் காட்டினார்.

"இதில இப்பிடி எழுதியிருக்கி. சரியோ தெரியல்ல, நீங்க பாருங்க. பெட்டியைப் பிணைச்சிருக்கிற கொளுக்கி நாலையும் முதல்ல இளக்கணுமாம். பிறகு இந்த நாலு காலையும் நிலத்துக்கு இறக்கணும். கால் பெட்டியைத் தாங்கிக்கொண்டா, வாகனத்தில பாரம் இல்லையாம். பிறகு ஜக் போட்டா லேசாத் தூக்குமாம்."

அப்பா கால்களைப் பார்த்தார். அம்மருட்டில் அவற்றை அவர் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்.

"நாலையும் ஒண்டா இறக்கணும் எண்டு போட்டிருக்கி," என்றார் சித்தப்பா. "ஒண்டு முந்தினாப் பெட்டி சரிஞ்சிருமாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆள் வேணும்."

அப்பா ஆட்களை எண்ணினார். அவர் கண் என் மேல் ஒருமுறை நின்றது. என் பலம் காணாது என்று முடிவெடுத்துவிட்டது தெரிந்தது. கடைசியில் அவர் யாரையும் பார்க்காமல், "அப்ப குழந்தையைப் பிள்ளை வைச்சிருக்கட்டும்," என்றார்.

சித்தி அப்போதுதான் காரை விட்டு வந்தார். குழந்தையை என் மடியில் வைத்தார். என் தலைமயிரை ஒரு கணம் பார்த்தார். அது அன்றைக்குச் சரியாகப் பின்னப்படவில்லை. பிறகு போய்ப் பின்பக்க வலது மூலையில் நின்றார். பின்பக்க இடதில் சித்தப்பா. முன்பக்க வலதில் அம்மா. முன்பக்க இடதில், வாகனங்கள் கடக்கும் பக்கமாக, அப்பா இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். கால்களுக்கு அடியில் பலகைகள். அப்பாவும் சித்தியும் எதிரெதிர் மூலைகளில், நடுவில் பெட்டி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"நான் எண்ணுறன். ஒரு எண்ணுக்கு அரைச் சுத்து," என்றார் அப்பா. "ஒண்டு."

நாலு கைப்பிடிகளும் கிரீச்சிட்டன.

"ரெண்டு. மூண்டு."

புல் மேட்டில் குழந்தையோடு இருந்த எனக்குப் பெட்டி முழுவதும் தெரிந்தது. சரிந்தால் சொல்லவேண்டும் என்பது என் வேலை. கால்கள் பலகையைத் தொட்டன. பதினொன்றில் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. பதின்மூன்றில் சித்தியின் மூலை கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் கத்துவதற்கு முன் அப்பாவே உணர்ந்துவிட்டார்.

"பின்னாலை வலது முந்துது."

கைப்பிடிகள் நின்றன. வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் போய், அதன் சத்தம் மலையில் தேய்ந்தது.

"பிள்ளை," என்றார் அப்பா. "கொஞ்சம் பொறு."

"நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா," என்றேன்.

"உன்னை இல்லை."

பெட்டியின் மறுமூலையிலிருந்து, மிகவும் மெதுவாக, "ஓம் அத்தான்," என்று கேட்டது.

அம்மா தன் கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றியைப் பெட்டியில் வைத்துச் சாய்ந்துகொண்டார். அம்மாவுக்குக் களைத்துவிட்டது என்று நினைத்தேன். இப்போதுதான் பதின்மூன்று, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கவலைப்பட்டேன். அப்பா எண்ணிக்கையைத் திரும்பத் தொடங்கினார். பதினான்கு. பதினைந்து. இருபதில் பெட்டிக்கும் வாகனத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வந்தது. அதற்குள்ளால் எதிர்ப்பக்க மலை தெரிந்தது. எங்கள் வீடு தன் கால்களில் தானே நின்றது.

பிறகு எல்லாம் உண்மையிலேயே பத்து நிமிட வேலைதான். ஜக் வாகனத்தை லேசாகத் தூக்கியது. அப்பா சொல்லச் சொல்லச் சித்தப்பா நட்டுகளைக் கழற்றினார். ஒரு நட்டை எதிர்த் திசையில் இறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா, "மற்றப் பக்கம் தம்பி," என்றார். சித்தப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். சில்லுக்குள் விரல் நீள ஆணி ஒன்று இருந்தது. அதை அப்பா பிடுங்கிப் பார்த்துவிட்டு, வேறொருவருக்குக் குத்தாமல் தன் பைக்குள் போட்டார்.

நாலு பேருமாக மீண்டும் கால்களை உயர்த்தி, கொளுக்கிகளை இறுக்கி, அரிசிப் பையை ஏற்றி முடிக்கும்போது அப்பாவின் கையைச் சுற்றிய துணி முழுவதும் சிவந்திருந்தது. தைக்கவேண்டும் என்றார் அம்மா. அப்பா பிரச்சினை இல்லை, ஒஸ்லோவில் பார்க்கலாம் என்றார். ஆனால் இந்தக் கையோடு அவரால் கியரைப் பிடிக்க முடியாது. அம்மாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. கடைசியில் சித்தப்பா பிக்கப்பை ஓட்ட, அப்பா அவர் பக்கத்தில் இருந்து எப்போது மெதுவாகப் போவது என்று சொல்லிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் சித்தியின் காரில் பின்னால் போனோம். அந்த ஒன்றரை மணித்தியாலமும் அக்காவும் தங்கையும் நிறுத்தாமல் கதைத்தார்கள். நான் முன்னால் போகிற பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். அதன் முன் இருக்கைகளில் அப்பாவும் சித்தப்பாவும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் கதைக்கவில்லை என்றும் இருக்கலாம்.

அவசர சிகிச்சை நிலையத்தில் ஒன்பது தையல் போட்டார்கள். அதன்பிறகு சித்தியின் வீட்டுக்குப் போனோம். மூன்று மாடிக் கட்டடம். அவர்கள் இருந்தது முதலாம் மாடியில். அப்பா கட்டட வாசல்வரை வந்தார். இரவல் வாகனம், அதைத் தெருவில் தனியே விட்டால் சரியில்லை, தான் பெட்டிக்குள்ளேயே படுக்கிறேன் என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அம்மாவும் நானும் மேலே போனோம்.

அடுத்த நாள் காலையில் நான் எழும்பியபோது அம்மாவும் சித்தியும் வரவேற்பறையில் மெத்தைகளைப் போட்டு, குழந்தை நடுவில் கிடக்க, உறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் வாய் திறந்திருந்தது. எங்கள் வீட்டில் அம்மா ஒருநாளும் ஆறு மணிக்கு மேல் படுத்ததில்லை. குசினியில் சித்தப்பா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். இஞ்சியைத் தட்டி, கேத்தலில் போட்டு, மூடிவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். எழுப்பிவிடாதே என்று அர்த்தம். இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். பெரிய கோப்பையை என்னிடம் தந்தார்.

"அப்பாக்குக் கொண்டுபோய்க் குடு மனே. கவனமா, சுடும்."

மட்டக்களப்பில் ஆண் பெண் பாராமல் பிள்ளைகளைக் கூப்பிடுகிறதுபோல், மனே என்று அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் கதவுவரை போனதும் பின்னால் வந்தார்.

"நான் போட்டதெண்டு சொல்லத் தேவையில்ல."

அவருடைய தேநீர் அவ்வளவு நன்றாக இல்லை என்று கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பார்ணஹாகெயில் பிள்ளைகளுக்குப் பால் மட்டும்தானே கொடுப்பார்கள்.

படிகளில் ஒரு துளியும் சிந்தாமல் இறங்கினேன். பிக்கப் கட்டடத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் நின்றது. அப்பா பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, படியில் இருந்தார். கட்டுப்போட்ட கை மடியில். சவரம் செய்யாத முகம். நான் கோப்பையை நீட்டினேன். அவர் இடது கையால் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஆர் போட்டது?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகச் சொல்கிற பொய் பொய்யில்லை என்று தோன்றியது.

"அம்மா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். சித்தியின் குசினி யன்னல் நேரே எதிரில் இருந்தது. திரை இல்லாத பெரிய யன்னல். கேத்தலுக்குப் பக்கத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். இப்போது குழந்தை எழும்பி அவர் தோளில் கிடந்தது. அவர் எங்களைப் பார்க்காமல், தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவோ," என்றார் அப்பா.

"ஓம்."

அவர் ஊதிக் குடித்தார். ஒரு மிடறு. பிறகு இன்னொன்று. கோப்பை முழுவதையும் முடித்தார். யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடியில் கிடந்த இஞ்சித் துண்டையும் வாயில் போட்டு மென்றார். பிறகு கோப்பையை என்னிடம் தந்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்குமோ எண்டு அம்மாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா."

நான் தெருவைக் கடந்து ஓடினேன். அம்மா மேலே வாய் திறந்து உறங்கிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். என் பொய் பிடிபடவில்லை என்ற சந்தோஷத்தில், வெறுங்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிகளில் ஏறினேன்.